தேய்ந்தால் எவ்வளவு போகும்?

என்னிடம் இரண்டு மலைச் சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று 1990-களின் நடுவில் வந்தது. இரும்புச் சட்டம், 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. இன்னொன்று புதுசு. 29 அங்குலம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 12. இரண்டையும் ஓட்டுகிறேன், இரண்டையும் நானேதான் கழற்றி மாட்டுகிறேன். இது தெரிந்ததாலோ என்னவோ, கூட ஓட்ட வரும் பையன்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, பழைய சாமான்தானே கெட்டி? இப்ப வர்றதெல்லாம் சீக்கிரம் போயிடுதே?"

"ஆமாம்பா, அந்தக் காலம் மாதிரி வருமா" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கேட்டவனுக்கும் திருப்தி, எனக்கும் பெரிய மனுஷத் தோரணை. ஆனால் இரண்டு காலத்துச் சாமானையும் திறந்து பார்த்தவன் அப்படி ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது.

முதலில், பழசு என்றால் எவ்வளவு பழசு? 1976-ல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் ரீபேக் பந்தயம் ஓட்டியவர்கள் 1930-களின் கனமான ஷ்வின் சைக்கிள்களில்தான் மலையிலிருந்து இறங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரத்தின் நடு உருளையான ஹப்புக்குள் பிடிக்கிற பிரேக். ஒரு இறக்கம் முடிவதற்குள் உள்ளே இருக்கிற கிரீஸ் எல்லாம் சூட்டில் புகைந்து போய்விடும். ஹப்பைத் திறந்து புது கிரீஸ் வைத்தால்தான் அடுத்த இறக்கம். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த விளையாட்டின் ஆதி சாமானுக்கு ஆயுள் ஒரு இறக்கம்தான். நம் ஆட்கள் "பழைய சாமான் கெட்டி" என்று சொல்லும்போது மனதில் இருப்பது அது இல்லை. ஏறத்தாழ 1988-லிருந்து 1998 வரை வந்த ஜப்பானியச் சாமான், அதிலும் நடுத்தரத்துக்கு மேலே உள்ள வரிசை. ஷிமானோ டியோர் எக்ஸ்டி மாதிரி. அதிலும்கூட இன்றைக்கு நம் கண்ணில் படுவது உடையாமல் மிஞ்சியவை மட்டும்தான். உடைந்தவை எப்போதோ எடைக்குப் போய்விட்டன. 1997-ல் ஷிமானோவின் சில கிராங்க் (பெடலை மாட்டுகிற கை) மாடல்கள் ஓட்டும்போதே முறிகின்றன என்று வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் கிராங்குகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அப்புறம் 2023-ல் அதே நிறுவனம், ஒட்டிச் செய்த சாலைச் சைக்கிள் கிராங்குகள் பிரிந்து வருகின்றன என்று அமெரிக்காவில் 6,80,000 கிராங்குகளைப் பரிசோதனைக்கு அழைத்தது. அந்தக் காலமும் முறிந்தது, இந்தக் காலமும் பிரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சண்டை எப்போதும் செயினில்தான் தொடங்கும்.

எட்டு ஸ்பீடு, அதாவது பின்னால் எட்டுப் பல்சக்கரத்துக்கான செயினின் வெளி அகலம் சுமார் 7.1 மி.மீ. 12 ஸ்பீடு செயினில் அது 5.3 மி.மீ. பக்கம் வந்துவிட்டது. கையில் எடுத்தாலே சன்னமாகத் தெரியும். "இதெல்லாம் எத்தனை நாளைக்கு" என்று யாருக்கும் தோன்றும். ஆனால் செயின் தேய்வது வெளித் தகட்டில் இல்லை. தேய்ந்த செயின் ஒன்றில் ஒரு கண்ணியைத் தட்டிப் பிரித்து, ஆணியை மட்டும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் புதுசு போலவே இருக்கும். மறு பக்கத்தில், உள் தகட்டின் உதடுகள் உட்கார்ந்து உரசிய இரண்டு இடங்களில் மட்டும் பளபளவென்று பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் படிக்கட்டு மாதிரித் தட்டும். "செயின் நீண்டுவிட்டது" என்கிறோமே, அது இதுதான். இரும்பு எங்கேயும் இழுபடவில்லை. ஒவ்வொரு ஆணியிலும் தலைமுடி அளவுக்குப் போன தேய்மானம் எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது.

இப்போது அந்த உரசும் இடத்தின் அகலத்தைப் பாருங்கள். செயினின் உள் அகலம் எட்டு ஸ்பீடில் சுமார் 2.4 மி.மீ. ஒன்பதிலிருந்து 12 வரை 2.2. பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஒல்லியானது எல்லாம் வெளியே இருக்கிற தகடும் ஆணியின் நீட்டமும்தான். அதோடு நல்ல 12 ஸ்பீடு செயின்களில் ஆணிக்கும் உருளைக்கும் கடினப் பூச்சு கொடுக்கிறார்கள். பழைய செயின்களில் பெரும்பாலும் அது கிடையாது. ஒரே மாதிரிச் சேற்றில், ஒரே மாதிரி எண்ணெய் போட்டு ஓட்டியதில், என் புதுச் சைக்கிளின் செயின் பழசைவிடச் சீக்கிரம் தேய்ந்ததில்லை. சில சமயம் தாமதமாகத்தான் தேய்ந்திருக்கிறது.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் சீக்கிரம் போவதாகத் தோன்றுகிறது? மன்னிக்கிற எல்லை சுருங்கிவிட்டது. செயினில் 24 ஆணி இடைவெளி என்றால் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. எட்டு, ஒன்பது ஸ்பீடில் 0.75 சதவீதம் வரை தேய விடலாம், 307.1 வரும். 11, 12 ஸ்பீடில் 0.5 சதவீதத்திலேயே மாற்றச் சொல்கிறார்கள், 306.3. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அந்த இடைவெளியில்தான் பின் பல்சக்கரங்களின் கொத்தான கேசட்டின் தலையெழுத்து இருக்கிறது. பழைய சைக்கிளில் செயினைக் கவனிக்காமல் ஓட்டினால் பல்சக்கரங்களும் சேர்ந்தே தேயும், ஒன்றோடொன்று ஒத்துப்போய் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். புதுசில் அந்தச் சோம்பேறித்தனம் செல்லாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இது புதுசுக்குச் சாதகம். என் பழைய சைக்கிளில் செங்குத்து மேட்டுக்கு முன்னால் 22 பல், பின்னால் 32. புதுசில் முன்னால் 32, பின்னால் 51. விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒரே அழுத்தத்தில் மிதிக்கும்போது 22 பல் சக்கரத்தில் செயின் மேல் விழும் இழுவை, 32 பல்லில் விழுவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. போதாததற்கு அந்த இழுவையைத் தாங்கப் பற்களும் குறைவு. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், சேற்றில் சின்னப் பல்சக்கரம் செயினை விடாமல் கவ்வி மேலே இழுத்துக்கொண்டு போய்ச் சட்டத்தில் சொருகும். என் பழைய சைக்கிளின் சட்டத்தில், கிராங்குக்குப் பின்னால், அந்தக் காயம் வரிசையாக இருக்கிறது. புதுசில் அந்தத் தொல்லையே ஒழிந்தது. 2011, 2012 வாக்கில் வந்த, செயினைத் தளர விடாத கிளட்ச் டெரெய்லரும் (பின்னால் கியர் மாற்றுகிற கை), ஒரு பல் தடிப்பு ஒரு பல் மெலிவு என்று மாற்றி மாற்றி வைத்த முன் சக்கரமும் சேர்ந்து, செயின் கழன்று விழுவதையே மறக்கடித்துவிட்டன.

ஆக, தேய்கிற வேகத்தில் புதுசைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் குறை வேறு இடத்தில். தேய்ந்த பிறகு எவ்வளவு பெரிய துண்டைத் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது என்பதில்.

ஷிமானோவின் பழைய யூனிகிளைடு பல்சக்கரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பற்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போட்டு மறு பக்கத்தை ஓட்டலாம். ஒரே சக்கரத்துக்கு இரண்டு ஆயுள்! 1980-களின் இறுதியில் ஹைப்பர்கிளைடு வந்து, கியர் வழுக்கி மாற வேண்டும் என்று பற்களைச் செதுக்கி, பக்கவாட்டில் சரிவு வைத்ததும் அந்த வசதி போனது. கியர் மாறுவது அவ்வளவு நன்றாக ஆனது, யாரும் அழவில்லை. நானும் அழ மாட்டேன். அப்படியும் எட்டு ஸ்பீடு கேசட்டில் சின்னச் சக்கரங்கள் தனித்தனியாகத்தான் இருந்தன. மீதியைக் கோத்திருந்தது மூன்று நீள ஆணி. தலையை ராவி எடுத்துவிட்டால் அதுவும் தனித்தனி. நான் அதிகம் ஓட்டுவது நடுவில் உள்ள இரண்டு மூன்று சக்கரங்களை. அவற்றை மட்டும் வேறு கேசட்டிலிருந்து எடுத்துப் போட்டே பல காலம் ஓட்டியிருக்கிறேன்.

2012-ல் எஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 என்கிற கியர் வரிசை வந்தபோது அதன் கேசட் ஒரு அதிசயம். பெரிய சக்கரம் ஒன்று தவிர மீதி எல்லாவற்றையும் ஒரே இரும்புக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்திருந்தார்கள். கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும், வேலைப்பாட்டைப் பார்த்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் நடுவில் ஒரே ஒரு சக்கரம் தேய்ந்து செயின் துள்ள ஆரம்பித்தால் மொத்தமும் போச்சு. சட்டையில் ஒரு பட்டன் போனதற்குச் சட்டையையே எறிகிற கதை. பெரிய சக்கரம் அலுமினியம். மேட்டில் அதிலேயே கிடக்கிற என் மாதிரி ஆட்களுக்கு, இரும்பு எல்லாம் நன்றாக இருக்கும்போதே அது முதலில் போகும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மற்றவற்றைப் பார்த்தால் சில இடத்தில் நான் எதிர்பார்க்காத பதில் வருகிறது. ஹப்பை எடுங்கள். பழைய ஹப்பில் அச்சின் மேல் திருகுகிற கோன், ஹப்புக்குள் கிண்ணம் மாதிரிக் கப், இரண்டுக்கும் நடுவில் பால்ரஸ் குண்டுகள். ஸ்பானர் இரண்டு, கிரீஸ் கொஞ்சம் இருந்தால் எங்கேயும் திறக்கலாம் என்று அதை ஆட்கள் கொண்டாடுவார்கள். நானும் பால்ரஸை எண்ணி, கிரீஸில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கிற வேலையை விரும்பிச் செய்பவன்தான். ஆனால் கோனைத்தான் மாற்ற முடியும். கப் ஹப்போடு அழுத்திப் பதித்தது. அதில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்துவிட்டால் ஹப்பே முடிந்தது. அதாவது ஸ்போக் எல்லாம் பிரித்துச் சக்கரத்தை மறுபடி கோர்க்க வேண்டும். கொஞ்சம் தளர்வாக, அல்லது கொஞ்சம் இறுக்கமாக வைத்து ஓட்டினாலே போதும், கப் போய்விடும். புது ஹப்புகளில் பெரும்பாலும் வருகிற கார்ட்ரிட்ஜ் பேரிங் அப்படி இல்லை. 6902 என்றால் உலகத்தில் எங்கும் 15க்கு 28க்கு 7 மி.மீ.தான். சைக்கிளே தெரியாத பேரிங் கடையில் நம்பரைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பழசைத் தட்டி எடு, புதுசை அழுத்தி ஏற்று, ஹப் மறுபடி புதுசு. இங்கே எறிகிற துண்டு சின்னதாகியிருக்கிறது. இன்னும் முன்னால் போனால், திருகி மாட்டுகிற பழைய ஃப்ரீவீல் ஹப்புகளில் வலது பக்க பேரிங் உள்ளே தள்ளி இருந்ததால் அச்சு வளைவது சர்வ சாதாரணம். பழசுதான் கெட்டி என்பவர்கள் அந்த அச்சுகளை ஏன் மறந்தார்கள் என்று தெரியவில்லை.

கிராங்க் அச்சைத் தாங்குகிற பாட்டம் பிராக்கெட் கதை இன்னும் கோணல். சதுர முனை அச்சு, மூடிய கார்ட்ரிட்ஜ், ஷிமானோ யுஎன்55 வகை. அதைத் திறக்கவே முடியாது, போனால் மொத்தமாக எறிய வேண்டியதுதான். ஆனால் அது போவதே இல்லை! மாட்டியதை மறந்துவிடலாம். அப்புறம் 2000 வாக்கில், அச்சு தடிப்பாக வேண்டும் என்று ஐஎஸ்ஐஎஸ் என்கிற அச்சு வகை வந்தது. சட்டத்தின் ஓட்டை அதே அளவு, உள்ளே அச்சு மட்டும் தடிப்பு. அப்படியானால் பால்ரஸுக்கு இடம் எங்கே? குட்டி குட்டி பால்ரஸாகப் போட்டார்கள். அவை மலைச் சவாரியில் உதிர்ந்து கொட்டிய வேகம் இன்றைய எந்தச் சாமானுக்கும் வராது. ஷிமானோ 2003-ல் எக்ஸ்டிஆர் வரிசையில் பேரிங்கைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி வைத்து அந்த இடநெருக்கடியைத் தீர்த்தது. தீர்ந்ததா, உடனே மரையே வேண்டாம், சட்டத்தில் நேராக அழுத்திப் பதிப்போம் என்று பிரஸ்ஃபிட் வந்தது. சட்டத்தின் ஓட்டை நூலிழை கோணினாலும் மிதிக்கு மிதி கீச் கீச். இப்போது பல நிறுவனங்கள் பேசாமல் மரைக்கே திரும்பிவிட்டன. ஆகவே இதில் பழசு நல்லது, புதுசு மோசம் என்று கோடு போட முடியாது. மோசமானது நடுவில் இருந்தது.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கில்தான் எனக்கு மனசு ஒட்டவில்லை. 1989-ல் வந்த ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 ஏறத்தாழ 50 மி.மீ. அசையும், அவ்வளவுதான். அடுத்து வந்த பல ஃபோர்க்குகளில் எலாஸ்டமர் என்கிற ரப்பர் மாதிரித் துண்டுகள். குளிரில் கல்லாகும், வயதானால் பொடியாகும். அந்த ஃபோர்க்குகள் நீண்ட நாள் உழைத்தன என்றால் அவை அதிகம் அசையவில்லை என்பதும் ஒரு காரணம். இன்றைக்கு 170 மி.மீ. அசைந்துகொண்டு, 38 மி.மீ. தடிப்புக் கால்களோடு, அந்தக் காலத்தில் இறங்கி நடந்த பாறைகளில் நாம் பாய்கிறோம். அதற்கு விலை உண்டு. ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேரச் சவாரிக்கு ஒருமுறை கீழ்க் கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறது. அதைச் செய்தால் ஓடும், செய்யாவிட்டால் உள்கால்களின் பூச்சு தேய்ந்து பட்டை தெரியும். சரி, தேய்ந்த காலை மட்டும் மாற்றலாமா? 1990-களின் பல ஃபோர்க்குகளில் கால்களைத் தலைப்பகுதியோடு போல்ட் போட்டுத்தான் இறுக்கியிருந்தார்கள். போல்ட்டைத் தளர்த்தினால் கால் தனியாக வரும். இன்றைக்குக் கால், தலை, மேல் குழாய் எல்லாம் அழுத்திச் சேர்த்த ஒரே உருப்படி. ஒரு காலில் ஒரு கீறல் விழுந்தாலும் மொத்த உருப்படியும் மாறும். அந்தச் சேர்மானமே சில நாளில் லேசாகத் தளர்ந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கட்டில் மாதிரி முனகத் தொடங்கினாலும் அதே பதில்தான். எனக்கு ஒருமுறை அப்படி முனகியது. ஃபோர்க்கை விற்றவர்கள், "அது இயல்பு, கண்டுகொள்ளாதீங்க" என்றார்கள். எடை குறைய வேண்டும், விறைப்பு கூட வேண்டும் என்று போல்ட்டை எடுத்தது எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் கோபம் குறையவில்லை.

பிரேக்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரிம்மை உரசிப் பிடித்த காலத்தில் ரிம்மே தேய்பொருள். சுவர் குழிந்து மெலிந்தால் சக்கரத்தையே பிரித்துக் கோர்க்க வேண்டும். டிஸ்க்கில் 1.8 மி.மீ. தடிப்புள்ள ரோட்டர் தட்டு 1.5 ஆகும்வரை ஓட்டலாம். அப்புறம் திருகுகளைக் கழற்றி வேறு ரோட்டர் போட்டால் முடிந்தது. பெரிய முன்னேற்றம். ஆனால் ரோட்டரைக் கவ்வுகிற கேலிப்பரின் பிஸ்டன் சீலில் எண்ணெய் கசிந்தால்? சில நிறுவனங்கள் சீல், பிஸ்டன் எல்லாம் தனியாக விற்கின்றன. இங்கிலாந்தின் ஹோப் அதற்குப் பேர் போனது. ஷிமானோ விற்பதில்லை. விரல் நுனி அளவு ரப்பர் வளையத்துக்காக முழுக் கேலிப்பரையும் மாற்று என்கிறது. இத்தனைக்கும் அவர்கள் பாகம் பாகமாகப் பிரித்த படத்தில் ஒவ்வொரு திருகுக்கும் நம்பர் போட்டு வெளியிடுகிற நிறுவனம்.

கியர் லீவர் ஒரு சின்னக் குறிப்பு. பழைய ரேபிட்ஃபயர் லீவர் "கிளிக்" ஆகாமல் காற்றில் மிதிப்பது போல ஓடினால் செத்துவிட்டது என்று எறியாதீர்கள். உள்ளே கிரீஸ் பிசினாகியிருக்கும். கரைப்பான் ஊற்றி அலசிவிட்டு லேசான எண்ணெய் விட்டால் பெரும்பாலும் எழுந்து உட்காரும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஷிமானோ 2021-ல் லிங்க்கிளைடு என்று ஒரு வரிசை விட்டது. தடிப்பான, உயரமான பற்கள். கேசட் மூன்று மடங்கு உழைக்கும் என்பது அவர்கள் சொல்கிற கணக்கு. எடை சில நூறு கிராம் கூடுதல், கியர் 11 வரைதான். எடையைக் குறைத்து விற்றே பழகிய துறையில் "இது கனம், ஆனால் உழைக்கும்" என்று சொல்லி ஒரு சாமான் வந்ததே எனக்கு ஆச்சரியம். எஸ்ராமும் 2023-ல் சட்டத்தில் நேராக மாட்டுகிற டெரெய்லரைக் கொண்டுவந்தபோது, கல்லில் உரசுகிற வெளிக் கவசம், வெளிப் பக்கக் கை, கீழ்க் கூண்டு எல்லாம் தனித்தனியாக மாற்றும்படி செய்தது. எறிகிற துண்டு மறுபடி சின்னதாகலாம் என்று இரண்டு கடைக்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

லிங்க்கிளைடு கேசட் பழைய ஹைப்பர்கிளைடு வகை ஹப்பிலேயே ஏறும். என் புதுச் சைக்கிளில் கேசட் ஏறுகிற உருளை மைக்ரோ ஸ்ப்லைன் என்கிற வேறு வகை, அதனால் ஹப்பின் அந்த உருளையை மாற்ற வேண்டும், கூடவே லீவர், டெரெய்லர், செயின். இப்போதிருக்கிற கேசட்டில் இன்னும் ஒரு செயினுக்கு உயிர் இருக்கிறது. அது முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். பையன்களில் ஒருவன் "300 கிராம் கூடுமே அண்ணா" என்றான். கூடட்டும்.